தட்டில் கிருமியைத் தடுத்த மூலிகை, அம்மாவின் சிறுநீரகத்தையும் காக்குமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 64. பல வருடங்களாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. ஓராண்டுக்குள் இது நான்காவது சிறுநீர்த் தொற்று. முந்தைய மூன்று முறையும் பழைய மருந்துச் சீட்டைக் கடையில் காட்டி மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். இந்த முறை எரிச்சல் அடங்காததால் கல்ச்சர் (சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுத்தார்கள். 'ஈ.கோலை, இ.எஸ்.பி.எல். பாசிட்டிவ்' என்று வந்திருக்கிறது; பல மருந்துகளுக்கு நேரே 'ஆர்' என்று போட்டிருக்கிறது. ஏழு நாள் ஊசி போட வேண்டியிருக்கலாம் என்கிறார் டாக்டர். இதற்கிடையில், மருந்துக்கு அடங்காத கிருமியை மூலிகைச் சாறு கொல்வதாக ஒரு கல்லூரி ஆய்வு கண்டுபிடித்த செய்தியைச் சித்தப்பா அனுப்பியிருக்கிறார். எங்கள் கொல்லையில் சிறுபீளை, கீழாநெல்லி, நெருஞ்சில் எல்லாம் இருக்கின்றன. ஊசியைத் தவிர்த்துக் கஷாயம் கொடுக்கலாமா? நான் பள்ளியில் தாவரவியல் சொல்லித் தருகிறேன். காரணத்தோடு சொன்னால் வீட்டில் எல்லோருக்கும் விளக்கிவிடுவேன்.
– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆன்டிபயாடிக்குக்குப் பதிலாகக் கஷாயம் என்ற யோசனையை இந்தத் தொற்று தீரும்வரை ஒதுக்கி வையுங்கள். அம்மாவுக்கு இப்போது எரிச்சலும் அடிக்கடி போவதும் மட்டும்தான் என்றால் மூத்திரப்பையோடு நிற்கிறது என்று கொள்ளலாம். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகுப் பக்கம் வலி, வாந்தி, பேச்சில் தடுமாற்றம், திடீரென்று எகிறும் சர்க்கரை ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். இரவாக இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சர்க்கரை நோயாளிகளுக்குத் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறுவதும், அங்கிருந்து இரத்தத்தில் கலப்பதும் மற்றவர்களைவிட விரைவாக நடந்துவிடும்.

அடுத்து, அந்த ரிப்போர்ட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட ரிப்போர்ட்டுகளில் கையெழுத்துப் போடுவதுதான் என் வேலை. நான் நுண்ணுயிரியல் துறை மருத்துவர். 'ஆர்' என்றால் அந்த மருந்துக்குக் கிருமி அடங்காது, 'எஸ்' என்றால் அடங்கும். வீட்டில் எல்லோரும் 'ஆர்' வரிசையைப் பார்த்துப் பயந்து போகிறார்கள். 'எஸ்' வரிசையைத்தான் பார்க்க வேண்டும். இ.எஸ்.பி.எல். என்பது பென்சிலின், செஃபலோஸ்போரின் குடும்பத்து மருந்துகளை உடைத்துப்போடும் ஒரு நொதி. அதனால் செஃபிக்சிம், செஃப்ட்ரியாக்சோன் எல்லாம் பயன்படாது. ஆனால் இந்த வகைக் கிருமிகளில் நைட்ரோஃபுராண்டாயினுக்கும் ஃபாஸ்ஃபோமைசினுக்கும் இன்னமும் அடங்குபவை ஏராளம். இரண்டுமே வாய்வழி மருந்துகள். முதலாவது மாத்திரை, இரண்டாவது 3 கிராம் தூள், தண்ணீரில் கரைத்துக் குடிப்பது. இரண்டும் மூத்திரப்பைத் தொற்றுக்கு மட்டுமே. சிறுநீரகம் வரை போன தொற்றுக்குப் போதாது. நைட்ரோஃபுராண்டாயின் கொடுக்கச் சிறுநீரகம் ஓரளவு நன்றாக வேலை செய்ய வேண்டும் என்பதால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் என்ற இரத்தப் பரிசோதனை பார்க்காமல் தொடங்கக் கூடாது. ஆக, டாக்டரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, 'இந்த இரண்டில் ஒன்று அம்மாவுக்குப் பொருந்துமா?' என்பது. ஊசிதான் வேண்டும் என்று அவர் சொன்னால் அதற்குக் காரணம் இருக்கும், தயங்காமல் போட்டுக்கொள்ளுங்கள். எர்டாபெனம் என்ற ஊசி நாளுக்கு ஒரு முறை போடுவது. படுக்கையில் சேராமல் தினமும் வந்து போட்டுக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

இனி உங்கள் சித்தப்பா அனுப்பிய செய்திக்கு வருகிறேன். அந்தச் செய்தி பொய்யாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த மாணவர்கள் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அவர்கள் பார்த்தது என்ன என்பதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

ஒரு வட்டத் தட்டில் கிருமி வளர்ப்பதற்கான அகர் என்ற கூழ் வைக்கோல் நிறத்தில் உறைந்திருக்கும். கிருமி கலந்த நீரில் பஞ்சுக்குச்சியைத் தோய்த்து, தட்டு முழுவதும் மூன்று திசையில் திருப்பித் திருப்பித் தேய்ப்போம். பிறகு அகரில் சிறு குழிகள் தோண்டி, இலைச் சாற்றை ஊற்றி, இரவு முழுக்க 35 டிகிரி வெப்பத்தில் வைத்துவிடுவார்கள். மறுநாள் காலையில் தட்டு முழுக்கக் கிருமி சாம்பல் படலமாகப் படர்ந்திருக்கும். குழியைச் சுற்றி மட்டும் தெளிவான ஒரு வளையம். அளவுகோல் வைத்து 14 மில்லிமீட்டர் என்று குறித்துக்கொள்வார்கள். முதல் முறை அந்த வளையத்தைப் பார்க்கும் மாணவனின் முகத்தில் தெரியும் சந்தோஷத்தை நான் அறிவேன். அந்தச் சந்தோஷம் நியாயமானதும்கூட.

ஆனால் குழிக்குள் ஊற்றிய சாறு எவ்வளவு அடர்த்தி? இலையைக் காயவைத்துப் பொடித்து, மெத்தனாலிலோ எத்தனாலிலோ ஊறவைத்து, வற்றவைத்து எடுத்த பிசின் அது. ஒரு மில்லிலிட்டரில் 5 மில்லிகிராம், 10 மில்லிகிராம், சில ஆய்வுகளில் அதற்கும் மேலே இருக்கும். மெரோபெனம் என்ற ஊசி மருந்தை எடுத்துக்கொண்டால், ஒரு மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் அல்லது அதற்கும் குறைவான அளவில் ஈ.கோலையைத் தடுத்தால்தான் எங்கள் ஆய்வகத்தில் 'எஸ்' என்று எழுதுகிறோம். 5 மில்லிகிராம் என்பது 5,000 மைக்ரோகிராம்.

இதை அம்மாவின் உடம்புக்குக் கொண்டு வந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு ஒன்றரை லிட்டர் சிறுநீர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் 5 மில்லிகிராம் இருக்க வேண்டுமென்றால், தினம் ஏழரை கிராம் பிசின் குடலில் உறிஞ்சப்பட்டு, கல்லீரலில் சிதையாமல் தப்பித்து, சிறுநீரகம் வழியாக அப்படியே வெளியே வர வேண்டும். நடக்கிற காரியமில்லை. நடந்தாலும் அந்த அளவை வடிகட்ட வேண்டியது அவருடைய சிறுநீரகம்தான். அது என்ன பாடுபடும் என்று அந்தத் தட்டு சொல்லாது. இந்தத் துறையில் இருப்பவர்கள் ஒரு பொது அளவு வைத்திருக்கிறார்கள்: சாறு என்றால் மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்குக் கீழே, பிரித்தெடுத்த தனி வேதிப்பொருள் என்றால் 10 மைக்ரோகிராமுக்குக் கீழே கிருமியைத் தடுத்தால்தான் அதை மேற்கொண்டு பின்தொடரலாம். அடுத்த முறை இப்படியொரு செய்தி வந்தால் வளையத்தின் அளவை விட்டுவிட்டு இந்த எண்ணைத் தேடுங்கள்.

தாவரவியல் படித்த உங்களுக்கு இன்னொரு கேள்வி எழுந்திருக்க வேண்டும். செடிகளும் கிருமிகளோடு காலம் காலமாகப் போராடி வருபவைதானே? அவற்றிடம் வலுவான ஆயுதம் ஏன் இல்லை? இன்று மருத்துவமனையில் பாக்டீரியாவுக்கு எதிராக மாத்திரையாகவோ ஊசியாகவோ கொடுக்கிற மருந்துகள் பூஞ்சையிலிருந்தும் மண்ணில் வாழும் பாக்டீரியாக்களிலிருந்தும் வந்தவை, அல்லது வேதியியலாளர்கள் செய்தவை. செடியிலிருந்து வந்து பென்சிலின் இடத்தில் உட்கார்ந்த மருந்து ஒன்றுகூட இல்லை. எனக்கு இது நீண்ட காலமாக ஆர்வம் குறையாத கேள்வி. இதற்கு ஒரு நல்ல பதிலைத் தந்தது 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு.

நம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் மரமஞ்சளின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பெர்பெரின் என்ற வேதிப்பொருளைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெர்பெரிஸ் இனச் செடிகளிலும் அது இருக்கிறது. தனியாகக் கொடுத்தால் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியிடம் அது தோற்றுப்போகிறது. காரணம், அந்தக் கிருமியின் சவ்வில் இருக்கும் நார்-ஏ என்ற பம்பு. படகுக்குள் புகும் தண்ணீரை இறைத்துக் கொட்டுவதுபோல, உள்ளே நுழையும் பெர்பெரினை அது வெளியே கொட்டிக்கொண்டே இருக்கிறது. ஆய்வாளர்கள் பெர்பெரிஸ் ஃப்ரெமான்டி என்ற வட அமெரிக்கப் புதரின் இலைகளை அலசியபோது, மெத்தாக்சி ஹைட்னோகார்பின் என்ற இன்னொரு பொருள் அகப்பட்டது. தனியாக அது எந்தக் கிருமியையும் கொல்வதில்லை. அது செய்வதெல்லாம் அந்தப் பம்பை அடைப்பது. இரண்டும் சேர்ந்தபோது பெர்பெரின் மிகச் சிறிய அளவிலேயே வேலை செய்தது. செடி கொல்லும் பொருளையும், கிருமியின் தற்காப்பைத் தடுக்கும் பொருளையும் தனித்தனியாகச் செய்து ஒரே இலையில் வைத்திருக்கிறது.

செடியிடம் ஆயுதம் இல்லை என்பதல்ல, அது கூட்டாகச் செயல்படுகிறது என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். மூலிகை ஆராய்ச்சியில் எனக்கு உண்மையான நம்பிக்கை இருப்பது இந்தத் திசையில்தான். ஆன்டிபயாடிக்கை விரட்டிவிட்டு அதன் இடத்தைப் பிடிக்கிற செடியைத் தேடுவதைவிட, செயலிழந்துவரும் ஆன்டிபயாடிக்கை மறுபடியும் செயல்பட வைக்கிற செடியைத் தேடுவது பலன் தரும். நம் சமையலறை மிளகிலேயே அதற்கு அடையாளம் இருக்கிறது. மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரின் அதே நார்-ஏ பம்பைத் தடுத்து சிப்ரோஃபிளாக்சசினுக்கு வலு கூட்டுவதை ஜம்மு ஆய்வாளர்கள் ஆய்வகத்தில் காட்டினார்கள். காசநோய்க்கான ரிஃபாம்பிசினோடு 10 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்து, 450 மில்லிகிராமுக்குப் பதில் 200 மில்லிகிராம் ரிஃபாம்பிசினே போதும் என்ற அளவில் ஒரு கூட்டு மாத்திரையும் இந்தியாவில் வந்தது. அங்கே பைப்பரின் செய்யும் உதவி வேறு: மருந்து இரத்தத்தில் கூடுதலாகச் சேர வைப்பது. இதையே எச்சரிக்கையாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா சாப்பிடும் மற்ற மாத்திரைகளின் அளவையும் இப்படி ஒரு பொருளால் ஏற்றிவிட முடியும். ரசத்தில் போடும் மிளகு வேறு, மிளகுச் சத்து மாத்திரை வேறு.

கொல்லாமலே கிருமியின் பல்லைப் பிடுங்குகிற வழியும் உண்டு. இத்தாலியின் தென்பகுதியில் தோல் அழற்சிக்குச் செஸ்ட்நட் மரத்தின் இலையைப் பயன்படுத்துவார்கள். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் காசாண்ட்ரா குவேவ் குழுவினர் அந்த இலைச் சாற்றை ஸ்டஃபைலோகாக்கஸ் மேல் சோதித்து 2015-இல் வெளியிட்டார்கள். கிருமிகள் செத்துப் போகவில்லை. ஆனால் அவை தமக்குள் அனுப்பிக்கொள்ளும் சமிக்ஞை அறுந்து, திசுவை அரிக்கும் நச்சுகளைச் சுரக்க முடியாமல் போயின. சாகடிக்காத மருந்துக்கு எதிராகக் கிருமி எதிர்ப்புச் சக்தி வளர்த்துக்கொள்ளும் அவசரமும் குறைவு என்று எதிர்பார்க்கிறார்கள். தட்டில் வளையத்தை மட்டும் தேடியிருந்தால் இந்த இலையைத் தூக்கி எறிந்திருப்போம்.

மேலே சொன்ன பம்பும் இலையும் சம்பந்தப்பட்டவை எல்லாம் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆய்வுகள் என்பதைக் கவனித்திருப்பீர்கள். அம்மாவிடம் இருப்பது ஈ.கோலை. அதற்கு வெளியே இன்னொரு சவ்வு கூடுதலாக உண்டு. அதைத் தாண்டி நுழைவதே கடினம், நுழைந்தாலும் வெளியேற்றும் பம்புகள் இன்னும் வலுவானவை. தாவரப் பொருள்கள் பெரும்பாலும் இந்த வகைக் கிருமியிடம்தான் தோற்கின்றன.

சிறுநீர்த் தொற்றிலேயே ஆன்டிபயாடிக்கையும் மூலிகையையும் மனிதர்களிடம் நேருக்கு நேர் ஒப்பிட்ட நல்ல ஆய்வு ஒன்று இருக்கிறது. நீங்கள் கேட்ட கேள்விக்கு மிக நெருக்கமானது அதுதான் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். ஐரோப்பாவில் நீர்க்கடுப்புக்கு ஊவா உர்சி என்ற செடியின் இலையைப் பல தலைமுறைகளாகக் கொடுத்து வருகிறார்கள். ஜெர்மனியில் சாதாரண மூத்திரப்பைத் தொற்றோடு வந்த சுமார் 400 பெண்களைச் சேர்த்து, ஒரு பாதிப் பேருக்கு ஊவா உர்சி, மறு பாதிக்கு ஃபாஸ்ஃபோமைசின் கொடுத்தார்கள். முடிவு 2021-இல் வெளியானது. மூலிகை பெற்றவர்களில் பலருக்கு ஆன்டிபயாடிக் தேவையே படவில்லை. மொத்தப் பயன்பாடு ஏறக்குறைய 64 சதவீதம் குறைந்தது. இது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் அவர்கள் எரிச்சலும் வலியும் கூடுதலாக அனுபவித்தார்கள். தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியது மூலிகைக் குழுவில் 8 பேருக்கு, ஃபாஸ்ஃபோமைசின் குழுவில் 2 பேருக்கு. அவர்கள் வேறு சிக்கல் இல்லாத, மருத்துவர் கண்காணிப்பில் இருந்த பெண்கள். அம்மாவோ 64 வயதில், சர்க்கரையோடு, மருந்துக்கு அடங்காத கிருமியோடு இருக்கிறார். அந்த எட்டுப் பேரில் ஒருவராக அவர் ஆகிவிடக் கூடாது என்பதே என் கவலை.

ஒரு செடிப் பொருள் எங்கே சேர்கிறது என்பதும் முக்கியம். டாக்காவில் 1987-இல் வெளியான ஓர் ஆய்வில் 400 மில்லிகிராம் பெர்பெரின் ஒரே வேளை கொடுத்தபோது, ஈ.கோலையால் வந்த வயிற்றுப்போக்கின் அளவு கணிசமாகக் குறைந்தது. பெர்பெரின் குடலில் உறிஞ்சப்படுவது மிகக் குறைவு. கிருமி குடலில் இருந்ததால் அது அங்கே வசதியாயிற்று. மூத்திரப்பைக்கு அதே குணம் தடை. மஞ்சளின் குர்குமினுக்கும் இதே கதை. பால் எவ்வளவு மஞ்சளாக இருந்தாலும் இரத்தத்தில் சேர்வது சொற்பம்.

நம் பக்கத்துச் செடி பாக்டீரியாவுக்கு எதிராக உலகம் முழுக்கப் பயன்பட்ட வரலாறும் உண்டு. நீரடிமுத்தும் அதன் உறவுக்காரச் செடிகளும் தந்த எண்ணெய்தான் 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் தொழுநோய்க்கு இருந்த முக்கிய மருந்து. குடித்தால் குமட்டும், ஊசியாகப் போட்டால் தோலுக்கடியில் கட்டிக்கொள்ளும். ஹவாயில் ஆலிஸ் பால் என்ற இளம் வேதியியலாளர், 1915-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அந்த எண்ணெயின் கொழுப்பு அமிலங்களை ஊசியில் போடத்தக்க வடிவுக்கு மாற்றினார். 24 வயதில் அவர் இறந்துபோனார். 1940-களில் சல்ஃபோன் மருந்துகள் வரும்வரை நோயாளிகளுக்கு அதுவே துணை. இலையையும் விதையையும் மருந்தாக்குவது அந்த நடுவேலைதான்: பிரித்தெடுப்பது, அளவைக் கண்டுபிடிப்பது, உடம்பில் எங்கே போகிறது என்று பார்ப்பது. கல்லூரி ஆய்வு அந்த வேலையின் முதல் படி. அதற்கு மேல் படி ஏற நம் ஊரில் பணமும் பொறுமையும் ஒதுக்குபவர்கள் மிகக் குறைவு என்பது எனக்குப் பெரிய வருத்தம். 2021-இல் மட்டும் உலகில் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவே நேரடிக் காரணமாகச் சுமார் 11 லட்சத்து 40 ஆயிரம் பேர் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். எந்தக் கதவையும் மூடி வைக்கிற நிலையில் நாம் இல்லை.

கொல்லைச் செடிகளுக்கு வருகிறேன். சிறுபீளையும் நெருஞ்சிலும் நீரைப் பெருக்கும் என்று சித்த மருத்துவம் சொல்கிறது. இ.எஸ்.பி.எல். தொற்றை அவை குணப்படுத்தும் என்பதற்கு மனிதர்களிடம் நடந்த நம்பத்தக்க ஆய்வு இல்லை. கிரியாட்டினினும் பொட்டாசியமும் சரியாக இருந்தால் பார்லி தண்ணீர், வாழைத்தண்டுப் பொரியல் எல்லாம் உணவாகத் தாராளமாகக் கொடுங்கள். கஷாயமாக, தினமும், அடர்த்தியாக என்றால் அரசு மருத்துவமனைகளில் இருக்கும் சித்த மருத்துவரைப் பார்த்து, ஆங்கில மருந்துச் சீட்டையும் கிரியாட்டினின் அளவையும் காட்டிக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். இப்போது அம்மாவைப் பார்க்கும் டாக்டரிடமும் மறைக்காதீர்கள். கீழாநெல்லி சர்க்கரையைக் குறைக்கக்கூடும். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்தால் தாழ் சர்க்கரை வரலாம்.

இரண்டு பொருள்களை மட்டும் வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். ஒன்று, ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி வகைச் செடிகள். அவற்றில் இருக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தை அழிக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் உண்டாக்கும். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் இந்த வகைச் செடி கலந்த உடல் எடையைக் குறைக்கும் மருந்தைச் சாப்பிட்ட பெண்கள் பலர் சிறுநீரகத்தை இழந்தார்கள். மற்றொன்று, பெயரும் உள்ளடக்கமும் எழுதாத பொட்டலச் சூரணம்.

பழைய சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கியதை எழுதியிருந்தீர்கள். உங்களைக் கடிந்துகொள்ள எனக்கு மனமில்லை, ஊரே அப்படித்தான் செய்கிறது. ஆனால் சிறுநீர்த் தொற்று தரும் ஈ.கோலை நம் குடலிலிருந்துதான் வருகிறது. பொருந்தாத மாத்திரை ஒவ்வொரு முறையும் குடலில் இருக்கும் சாதுவான கிருமிகளைக் கொன்று, முரட்டுக் கிருமிகளுக்கு இடம் விட்டுக்கொடுக்கிறது. இனி எரிச்சல் வந்தால் முதல் மாத்திரைக்கு முன்பே கல்ச்சருக்குக் கொடுங்கள். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடித்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள். வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் பாதி நாள் இருந்த புட்டிகள் எங்களிடம் வருகின்றன. அதற்குள் கிருமி பெருகி ரிப்போர்ட்டே திரிந்துபோகும்.

அடிக்கடி வருவதைத் தடுக்க வழிகள் இருக்கின்றன. மாதவிடாய் நின்ற பெண்களுக்குப் பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் தொற்று திரும்புவதைக் குறைக்கிறது. பலர் கூச்சத்தால் கேட்பதில்லை, நீங்கள் அம்மாவுக்காகக் கேளுங்கள். ஸ்கேன் செய்து கல் இருக்கிறதா, போனபிறகும் சிறுநீர் தங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாகிளிஃபுளோசின் வகை மாத்திரை சாப்பிடுகிறாரா என்று டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். செடிவழி மருந்து ஏதேனும் வேண்டுமென்றால், திரும்பத் திரும்பத் தொற்று வரும் பெண்களுக்குக் கிரான்பெர்ரி உதவுவதாக 2023-இல் 50 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். வருமுன் தடுக்க மட்டும்தான் அது. வந்த தொற்றுக்கு மருந்தில்லை. சர்க்கரை சேர்த்த ஜூஸாக வாங்காதீர்கள்.

மருந்து முடிந்து எரிச்சலும் அடங்கிவிட்டால் மறுபடியும் கல்ச்சர் எடுக்க வேண்டியதில்லை. வயதான பெண்களிடம், அதிலும் சர்க்கரை உள்ளவர்களிடம், தொந்தரவு எதுவும் செய்யாமலே சிறுநீரில் கிருமி இருப்பது சகஜம். அதைக் கண்டு பயந்து இன்னொரு சுற்று ஆன்டிபயாடிக் கேட்டு வாங்காதீர்கள். எரிச்சலோ காய்ச்சலோ திரும்பினால் மட்டும், இந்த ரிப்போர்ட்டையும் கையில் எடுத்துக்கொண்டு அதே டாக்டரிடம் போங்கள்.